தனிக்கணக்கு வாங்கித் தந்த அருளப்பன் சார்

சட்டைப் பொத்தானுக்குக் காஜாவை ஒழுங்காக எடுக்காத ஒரு பெண்ணை நான் திட்டிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். "ஆடிட்டர் அருளப்பன் சார் போயிட்டாரு" என்றார். தையல் மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். அழுகை வந்தது, அழுதேன். கொஞ்ச நேரத்தில், அவர் ஒருமுறை வருமான வரி ஆபீசர் முன்னால் பேசியது நினைவுக்கு வந்து சிரித்தும் விட்டேன். அவரைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆவூர்க்காரர். புதுக்கோட்டைக் கடைக்காரர்களுக்கு வரிக்கணக்குப் பார்த்துக் கொடுத்தவர். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போனால் முதலில் பெண்டாட்டியைத்தான் பேசச் சொல்வார். "நீங்க சொல்லுங்கம்மா, முதலாளி அப்புறம் பேசட்டும்" என்பார். சில முதலாளிகளுக்கு இதனாலேயே அவரைப் பிடிக்காது. ஆனாலும் வருஷா வருஷம் அவரிடம்தான் போனார்கள்.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வருமான வரி என்பதே எங்களுக்குப் புதிது. நான் தைத்த ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும் காரைக்குடி, திருச்சி வரை போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கா, தனித்தனியா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. "ஒரே அடுப்பு, ஒரே கணக்கு. ஒனக்கு எதுக்குத் தனியா?" என்றார் இவர். எனக்குச் சுருக்கென்றது. கத்தரி பிடித்து விரல் காய்த்தவள் நான், காகிதத்தில் மட்டும் அது அவர் தொழிலா? அருளப்பன் சாரிடம் கேட்டோம். சேர்த்தால் மொத்தம் ஏறும், வரியும் ஏறும், தனித்தனியாகப் போட்டால் குறையும் என்றார். இவர் அந்த நிமிஷமே என் கட்சிக்கு வந்துவிட்டார்.

ஆபீசர் முன்னால் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். என் தொழிலுக்கு முதல் யார் போட்டது என்று கேட்டார் அவர். நாலு பேர் முன்னால் பெருமை பேசாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. "நான்தான் சார். மொத மெஷினே நான் வாங்கிக் கொடுத்தது. அதுல சம்பாதிச்சுத்தான் மத்ததெல்லாம் வந்துச்சு" என்றார். ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்த பொருளிலிருந்து வரும் வருமானம் புருஷன் வருமானம்தான், இரண்டையும் சேர்த்துவிட வேண்டியது என்று சொல்லிவிட்டார். ஆபீசர் மட்டும் எதிரில் இல்லாவிட்டால் இவரை அங்கேயே நாலு கேட்டிருப்பேன்.

அருளப்பன் சார் அசரவில்லை. "மெஷினை எப்ப கொடுத்தீங்க முதலாளி?" என்று கேட்டார்.

"பரிசம் போட்ட அன்னைக்கு சார். எல்லாரும் சேலையும் நகையும் கொண்டு போவாங்க. நான் கூடவே ஒரு மெஷினையும் மாட்டு வண்டியில ஏத்தி இவ ஊரு ஆவுடையார்கோவிலுக்குக் கொண்டு போயிட்டேன். சேலைத் தட்டுக்குப் பக்கத்துல வச்சுக் கொடுத்தேன். ஊரே சிரிச்சுச்சு."

"தாலி கட்டினது?"

"அது அடுத்த மாசம்."

அருளப்பன் சார் ஆபீசர் பக்கம் திரும்பினார். "பார்த்துக்கங்க சார். மெஷின் கைமாறுனப்ப இந்த அம்மா இவருக்கு மனைவி இல்ல. யாரோ ஒரு பொண்ணு."

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரோவா? என் மாமன் மக சார். பொறந்தப்பவே எனக்குன்னு பேசி வச்சது" என்று எழுந்து நின்றார். அருளப்பன் சார் இவர் தோளை அமுக்கி உட்கார வைத்தார். "சட்டத்துக்கு மாமன் மகளத் தெரியாது முதலாளி. கொஞ்சம் சும்மா இருங்க, ஒங்க சம்சாரம் பொழைச்சுக்கட்டும்." ஆபீசர் சிரித்தே விட்டார். பிறகு பரிசத்துக்கு வந்திருந்த பெரியவர்களை வரச்சொல்லி விசாரித்துவிட்டு, என் கணக்கைத் தனியாகவே ஏற்றுக்கொண்டார். எங்கள் திருக்கோகர்ணம் வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் வரை இவர், "யாரோ ஒரு பொண்ணாம்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஒரு வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. "இந்த வருஷம் நீங்க வரி கட்ட வேண்டியதில்லம்மா" என்று அருளப்பன் சார் சந்தோஷமாகச் சொன்னார். என் முகம் விழுந்துவிட்டது. "வரி கட்ட முடியலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "கட்டலைன்னாலும் தொழில் ஒங்களோடதுதாம்மா" என்றார். அவர் எனக்குச் சொன்னதிலேயே நான் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

ஆவூரில் அடக்கம் முடிந்து வந்த மறுநாள் கடையைத் திறந்தோம். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, வாசலில் நின்ற என் வீட்டுக்காரரிடம், "இந்தத் தையல் கடை ஒங்களோடதுங்களா?" என்று கேட்டார். மெஷின் வாங்கிக் கொடுத்த கதை இப்போது வரும் என்று நான் உள்ளே காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லைங்க. அங்கிட்டு உக்காந்து தைக்கிறாங்க பாருங்க, அவங்களோடது."