சோத்துக்கைக் கதவு

எந்த நாற்காலியில் உட்காரும் முன்பும் அக்கா அதைக் கண்ணால் ஒரு முறை அளந்துவிடுகிறார். "நானூத்தி அம்பது உசரம்னு சொல்லி வாங்கினது தம்பி. நானூத்தி நாப்பத்தாறுதான் இருக்கு," என்கிறார். நாலு மில்லிமீட்டரை யாரோ பட்டப்பகலில் திருடிக்கொண்டு போய்விட்ட வருத்தம் அவர் குரலில் தெரிகிறது. பேருந்தின் ஜன்னல், டாக்டரின் மேசை, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக மாட்டிய வாசல் கதவு, எதுவும் அவர் கண்ணிலிருந்து தப்பியதில்லை. பட்டறையில் அவருக்கு 'அரை மில்லி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் நிறுவனம் சமையலறை அலமாரிகள் செய்கிறது. கீழே பட்டறை, மேலே அலுவலகம். பலகையை எங்கே வெட்ட வேண்டும், கீல் எங்கே உட்கார வேண்டும், கைப்பிடிக்கு எங்கே ஓட்டை போட வேண்டும் என்று கணினியில் வரைந்து கீழே அனுப்புவது அக்காவின் வேலை. நான் போன் எடுக்கிறவன். கதவு கீச்சிடுகிறது, இழுப்பறை சிக்குகிறது என்று திட்டுகிறவர்களிடம் "சரிங்க, பார்த்துடலாங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் கூட எனக்குச் சொந்தக் குரல் இல்லாமல் போய்விட்டது. அக்காவின் வரைபடத்தால் வந்த புகார் என்று ஒன்றை நான் எடுத்ததாக நினைவில்லை.

போன மழைக்காலத்தில் அவர் ஸ்கூட்டர் வழுக்கியது. எலும்பு எதுவும் முறியவில்லை. தோளுக்குள் நரம்பு அறுந்துவிட்டது. வலது கை முழுசாக, வளையலோடு, நகங்களோடு அப்படியே இருக்கிறது. அசையாது. "ஆளு உள்ளதான் இருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல," என்று அவரே சொல்வார். கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் அதை வைத்து, மேலே துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வார். அவர் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலையில் அவர்தான் அக்காவுக்குத் தலை பின்னிவிடுகிறார். மூன்று ஒயரை முறுக்குவதுபோல் இழுத்து முறுக்கிவிடுவதால், அந்தப் பின்னல் சாயங்காலம் வரை விறைத்துக்கொண்டு நிற்கும்.

சாப்பாடுதான் முதலில் பெரும்பாடாக இருந்தது. இடது கையில் கரண்டி பிடித்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். யாரையும் ஊட்டிவிட விடவில்லை. "பாவம்" என்று யாராவது முணுமுணுத்தால் போதும், டப்பாவை மூடிவிடுவார். ஒரு நாள் நாற்காலி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. கரண்டியையும் காணோம், இடது கை விரல்களாலேயே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எதையும் கவனிக்காதவர்கள்போல் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினோம்.

முதலாளி நல்லவர். அதில்தான் சிக்கலே வந்தது. "நீங்க இனிமே கஷ்டப்பட வேண்டாம்மா. போன் மேசையில உக்காந்துக்குங்க. சம்பளம் அதேதான்," என்றார். புதிதாக ஒரு வரைவாளரை நேரில் வந்து பார்க்கவும் சொல்லியிருந்தார். என் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு நாற்காலியும் வந்து இறங்கிவிட்டது. அக்கா அதைக் கண்ணால் அளக்கக்கூட இல்லை. "அடுத்து வர்ற சமையலறை ஒண்ணை நான் முழுசா முடிச்சுக் காட்டுறேன் சார். அப்புறம் சொல்லுங்க," என்றார். முதலாளி வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்.

வரைபட வேலைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை மவுஸில் இருந்தால், மறு கை கீபோர்டில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருக்கும். ஒற்றைக் கையென்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் மவுஸை விட்டு, தட்டி, மறுபடி மவுஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். கீபோர்டின் வேலையில் பாதியை மவுஸுக்கே மாற்றிவிட்டால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. நிறையப் பொத்தான் இருப்பது விளையாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் கேமிங் மவுஸில்தான். அவர் கணவருக்கு அன்று வேலை இருந்ததால் கடைக்கு நான் துணை போனேன்.

கடையில் அந்தப் பகுதி முழுக்க நீலமும் சிவப்புமாக விளக்கு மினுக்கியது. விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எந்த கேம் மேடம் விளையாடுவீங்க?"

"அலமாரி."

தனக்குத் தெரியாமல் ஏதோ புது கேம் வந்திருக்கிறது என்று நினைத்து, அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

கிடைப்பதில் முக்கால்வாசி மவுஸ் வலது கைக்கென்றே வளைந்தது. இடது கையால் பிடித்தால் அடுத்தவர் செருப்பில் காலை விட்ட மாதிரி இருக்கும். இடது கைக்கென்றே செய்த ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்ததும் அக்கா அதற்கு ஒரு கும்பிடு போடாத குறையாக நகர்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸ்கள் மிஞ்சின. அதிலும் பலவற்றில் பக்கவாட்டுப் பொத்தான்கள் இடப்பக்கம் மட்டும்தான். இடது கையின் கட்டைவிரல் மறுபக்கம் அல்லவா இருக்கும்? பொத்தான்கள் சுண்டுவிரலுக்கடியில் போய் மாட்டிக்கொள்ளும். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து வைத்தார்.

"இது இருபதாயிரம் டிபிஐ வரைக்கும் போகும் மேடம்," என்றாள் அந்தப் பெண். கையை இம்மி நகர்த்தினால் திரையில் அம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கான கணக்கு அது.

"அவ்ளோ தூரம் ஓடிட்டு நான் என்னம்மா பண்ண? கம்மியா எவ்வளவு வரைக்கும் இறங்கும்?"

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரும் அதுவரை அவளிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா அடுத்த கேள்வியையும் கேட்டார்: "செட்டிங் எல்லாம் மவுஸுக்குள்ளயே தங்குமா? எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல புதுசா எதையும் ஏத்த விட மாட்டாங்க." கடைசியில் இரண்டு பக்கமும் பொத்தான் உள்ள, எடை குறைந்த, செட்டிங்கைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒன்று அகப்பட்டது. பேர் கேள்விப்படாத கம்பெனி. விலையும் கையைக் கடிக்கவில்லை.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணவரின் பழைய லேப்டாப்பைத் திறந்து, மவுஸைச் செருகியதும் அது வானவில்லாக மின்னத் தொடங்கியது. "இது என்ன சர்க்கஸா? அணைங்க," என்றார் அக்கா. "ஒரு கலராவது இருக்கட்டும்மா," என்று கணவர் கெஞ்சியதால் மங்கலான வெள்ளை தப்பித்தது. இடது கிளிக்கையும் வலது கிளிக்கையும் இடம் மாற்றினார்கள். கட்டைவிரலின் இரண்டு பொத்தான்களுக்கு 'சரி' ஒன்று, 'வேண்டாம்' ஒன்று. சக்கரத்தின் பின்னால் இருந்த பொத்தானுக்கு, போட்டதைத் திரும்ப அழிப்பது. சுண்டுவிரல் பக்கத்துப் பொத்தான்கள் தெரியாமல் பட்டுத் தொல்லை கொடுத்ததால் அவற்றைச் செயல்படாமல் செய்தார்கள்.

அதன் பிறகு அக்கா ஒரு கோடு போட்டார். கோடு நேராகத்தான் வந்தது. முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடிவிட்டது. அழித்தார். மறுபடி போட்டார். மறுபடியும் தாண்டியது. "இது என் கை இல்ல. எனக்குத் தெரிஞ்சவங்க யாரோட கையோ," என்றார். வேகத்தைக் குறைத்தார்கள். வெடுக்கென்று இழுத்தால் அம்பு கூடுதலாக ஓடும் வசதியையும் நிறுத்தினார்கள். இப்போது கோடு புள்ளியில் போய் நின்றது. ஒரு கட்டம் போட்டார், அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை மவுஸிலிருந்து எடுக்க மனமில்லாமல் தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கணவர் எழுந்து போய், திறந்திருக்காத குழாயை மூடிவிட்டு வந்தார்.

சமையலறை வேலை வந்தது. எங்கள் மேஸ்திரிதான் நேரில் போய் அளவெடுத்து, கையால் ஒரு படம் கிறுக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு கதவின் மேலும் அது எந்தக் கைக் கதவு என்று எழுதுவார். எதிரே நின்று பார்க்கும்போது கைப்பிடி வலப்பக்கம் இருந்தால், பட்டறைப் பேச்சில் அது சோத்துக்கைக் கதவு. மற்றதன் பெயரை வாடிக்கையாளர் முன்னால் சொல்ல மாட்டார்கள். மேஸ்திரியின் படத்தில் மேல்வரிசைக் கதவுகள் எல்லாவற்றுக்கும் 'சோ' என்று இருந்தது. அக்கா அசராமல் வரைந்தார். கட்டைவிரல் பொத்தான்கள் டக்டக்கென்று விழுந்தன. முதலாளி இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கணக்காகக் குறித்த அளவுகளோடு வரைபடம் கீழே போனது.

மறுநாள் மேஸ்திரி ஒரு கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். கீல் குழியும் போட்டு, கைப்பிடி ஓட்டையும் போட்ட கதவு.

"இதைக் கொஞ்சம் பாரும்மா. எல்லாம் மறுபக்கமா வந்திருக்கு. முதக் கதவை முடிச்சப்பறம்தான் கவனிச்சேன்."

அக்கா கதவைப் பார்த்தார். மேஸ்திரியின் கிறுக்கல் படத்தை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சத்தம் கேட்டு முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"அந்த மவுஸுல இடம் வலம் மாத்தி வச்சிருக்கீங்கல்ல? அதுல குழம்பியிருக்கும். உங்களைக் குத்தம் சொல்லலம்மா. இதுக்குத்தான் நான் அப்பவே..." என்று சொல்லிக்கொண்டே, என் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பழியை மவுஸ் மேல் போட்டுவிட்டால் போதும். அக்கா மானம் மரியாதையோடு வந்து அதில் உட்கார்ந்துவிடலாம்.

"மவுஸ் மேல தப்பில்ல சார்," என்றார் அக்கா. "அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்காரு. சோத்துக்கைன்னு. நான் சோறு திங்கிற கையைப் போட்டுட்டேன்."

நாங்கள் மூன்று பேரும் அவருடைய இடது கையைப் பார்த்தோம். சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேஸ்திரி கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான்தான்மா பார்த்து எழுதியிருக்கணும்," என்றார்.

"நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. என் கை மாறினது உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? முன்னாடி வேற கையில சாப்பிட்டது எனக்கே படம் போடும்போது ஞாபகமில்ல. இனிமே காகிதத்துல வலது, இடதுன்னு எழுதிக்குவோம். வாயில எப்படி வேணா சொல்லிக்குங்க."

சொல்லிவிட்டுத் திரை பக்கம் திரும்பினார். ஒவ்வொரு கதவாகத் தொட்டு, புரட்டி, கட்டைவிரலால் 'சரி' அழுத்தினார். திரையில் கதவுகள் வரிசையாக மறுபக்கம் திரும்பின. ஒரு கோடு கூடத் தாண்டவில்லை. முதலாளி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கடைசிக் கதவு வரை பார்த்தார். அவர் எந்தக் கணினித் திரையையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புது ஆளுக்குப் போனைப் போட்டு, வர வேண்டாம்னு சொல்லிடுப்பா."

நான் போனை எடுத்தேன். எண்ணைத் தட்டுவதற்குள் அச்சுப்பொறியிலிருந்து புதுப் படம் வந்துவிட்டது. அக்கா அதை மேசையில் விரித்தார். விசிறிக் காற்றில் காகிதம் நிற்கவில்லை. எழுதப் போனால் நழுவியது. மேஸ்திரி பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். துப்பட்டாவை விலக்கி, தூளிக்குள் கிடந்த வலது கையை இடது கையால் அள்ளி வெளியே எடுத்து, காகிதத்தின் ஓரத்தில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவி, காகிதத்தின் மேல் படிய வைத்தார். பிறகு பென்சிலை எடுத்து, முதல் கதவின் மேல் 'வலது' என்று எழுதினார்.