நல்ல நாளில் தொடங்கிய பாலிசி

1. மட்டன் கடை வரிசையில்

"தம்பி, பாலிசி இன்னிக்கு இருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

சிங்கப்பூரிலிருந்து முனுசாமி அண்ணன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பதியில் ஒரு மட்டன் கடை வரிசையில் நான் நின்றிருந்தேன். அண்ணன் என் வாடிக்கையாளர், நகரியில் பவர்லூம் ஓட்டுபவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். சாதாரணமாக நலம் விசாரித்தாலே சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். அன்று அந்தக் குரல் தணிந்திருந்தது. மறுநாள் ஊர் திரும்ப வேண்டியவர்கள். மகள் வீட்டுக் குளியலறையில் கஸ்தூரி அண்ணி வழுக்கி விழுந்து, வலது கணுக்கால் முறிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பாலிசியைப் போட்டுக் கொடுத்தவன் நான். முடியும் தேதி எனக்கு மனப்பாடம். இருந்தாலும் போனில் அதைத் திறந்து பார்த்தேன். விடை தெரிந்த கேள்விக்குத்தான் மனிதன் அதிக நேரம் போனைப் பார்க்கிறான்.

"நேத்து ராத்திரியோட முடிஞ்சிடுச்சுணா."

"நேத்தா?"

"நேத்துதாண்ணா."

கடைக்காரர் என்னிடம் எலும்போடு வேண்டுமா என்று கேட்டார். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

2. பஞ்சாங்கமும் பாலிசியும்

அந்த ஒரு நாள் எங்கே போனது என்பதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கிளையில் எனக்குப் 'படிக்கிறவர்' என்று பெயர். பாலிசி வேர்டிங்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரே ஊழியன் நான்தான். அதிலும் எக்ஸ்க்ளூஷன் பகுதியை ரசித்துப் படிப்பேன். மனிதனுக்கு வரக்கூடிய துன்பங்களை ஒன்றுவிடாமல் கற்பனை செய்து, அவற்றில் எதற்கும் தாங்கள் பொறுப்பில்லை என்று அவ்வளவு அடக்கமாகச் சொல்லும் உரைநடை வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் செவ்வாய்க்கிழமை வெளியூர் கிளம்பாது. மலிவு டிக்கெட்டோ, நான் பார்த்தவரை, செவ்வாய்க்கிழமையில்தான் வந்து மாட்டும். இந்தச் சிக்கலுக்கு முன்னோர் கண்டுபிடித்த வழிக்குப் பரஸ்தானம் என்று பெயர். கிளம்பும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் வரும் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், ஒரு பெட்டியை மட்டும் எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. செவ்வாய்க்கிழமை நாம் கிளம்புவதில்லை. ஏற்கெனவே கிளம்பியதைத் தொடர்கிறோம். சட்டம் படித்த வக்கீல்கூட இத்தனை அழகாக ஓட்டை போட மாட்டார்.

இதை நான் தொழிலில் சேர்த்துக்கொண்டேன். "பொட்டி வெக்கிற நாள்லயே பாலிசியையும் ஆரம்பிச்சுத் தரேன்" என்பேன். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் அதைக் கேட்டதும், அடுத்த கம்பெனியின் விலையைக்கூட விசாரிக்க மாட்டார்கள். என் மேஜையில் பிரசுரங்களுக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் இருக்கும். கர்னூல்காரரான எங்கள் மேனேஜர் மேடம் அதைப் பார்க்கும்போதெல்லாம், "மீரு ஏஜெண்டா, பூஜாரியா அண்டி?" என்று கேட்பார். இரண்டும் ஒரே வேலைதான் மேடம், நம்பிக்கைதான் சரக்கு என்று நான் பதில் சொல்வேன். நல்ல பதில் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வழக்கமாக இதில் ஆபத்து இல்லை. டிராவல் பாலிசியை இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நாள் கணக்கில் ஸ்லாப் ஸ்லாபாக வைத்திருப்பார்கள். பத்து நாள் பயணத்துக்கும் இரண்டு வார ஸ்லாப்தான். முன்னால் இரண்டு நாள் சேர்த்தாலும் பின்னால் இடிக்காது.

3. வெட்டப்பட்ட இரண்டு நாள்

அண்ணனும் அண்ணியும் திருச்சானூரில் தாயாரைச் சேவித்துவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். ஆனி மாதம். மகள் சுமதி கல்யாணமாகி சிங்கப்பூர் போனபின், முதல்முறையாக அவள் வீட்டைப் பார்க்கப் போகிறார்கள்.

"இது சும்மா பாக்கப் போறதுதான் தம்பி" என்றார் அண்ணி. "நெஜமான பயணம் ஐப்பசியிலதான். சுமதிக்கு அப்பதான் பிரசவம். லீவு கெடைக்கல, இங்க வரமாட்டேன்றா. நான் போயி கூட இருந்தாதான் ஆச்சு. இப்ப ஏரோப்ளேன் பயம் தெளிஞ்சிக்கினா, அப்ப தனியா ஏறிடுவேன்."

"ரிகர்சலு" என்றார் அண்ணன். "செவ்வாக்கெழம ஃப்ளைட்டு. ஞாயித்துக்கெழம பொட்டிய எதிர் வூட்ல வெச்சிர்றோம். பாலிசிய ஞாயிறுல இருந்து போடு."

"நீங்க போறது சரியா ரெண்டு வாரம்ணா. முன்னாடி ரெண்டு நாள் சேந்தா அடுத்த ஸ்லாப் ஆயிடும்."

"அது எத்தினி நாளு?"

"மூணு வாரம்."

"ரெண்டு வாரம் போறவன் மூணு வாரத்துக்கு இன்னாத்துக்குப்பா கட்டணும்? பின்னாடி ரெண்டு நாள வெட்டிடு. கடைசி ரெண்டு நாளு பொட்டி கட்டிக்கினு வூட்லதான் குந்திக்கினு இருப்போம். வூட்ல குந்திக்கினு இருக்கறவனுக்கு இன்னா ஆவும்?"

"ரிஸ்க்குணா."

"இன்னா ரிஸ்க்கு? அங்க தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குமாமே!"

அண்ணி குறுக்கிட்டார். "போட்டாதான் போடேன்யா. பெருசாவா கேக்கறாங்க?"

"நீ சும்மா இரு. உங்கூரு ஆளுங்க எல்லாம் இப்படித்தான், கடைக்காரன் சொல்ற வெலைக்கு வாங்கறவங்க."

அண்ணியின் ஊர் புத்தூர். நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்து முடித்தபோது நான் எண்டர் தட்டியிருந்தேன். பாலிசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, அவர்கள் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை ராத்திரி முடிந்தது. அண்ணன் சொன்னபடியே, கடைசி இரண்டு நாளும் பெட்டி கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

4. போனில் மூன்று குரல்கள்

மட்டன் கடை வாசலுக்குத் திரும்புகிறேன்.

"நாளைக்கு வரைக்கும் நீட்ட முடியாதா?"

"முடியறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா நீட்டலாம்ணா. முடிஞ்ச பாலிசிய நீட்ட முடியாது."

அண்ணன் இன்னும் தணிந்த குரலில், "நேத்து சாயங்காலமே வுழுந்துட்டான்னு சொல்லிட்டா?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். "காலைல வுழுந்தேன்னு டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்யா. பொய் சொல்லி ஆபரேஷன் பண்ணிக்கினா எலும்பு ஒட்டாது."

ஒரு தவறான காரியத்துக்கு 'முடியாது' என்று சொல்லும் வேலையை, கால் முறிந்தவர் எனக்காகச் செய்து கொடுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி சொன்ன தொகையை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. "தறிய வித்துட்டு வரணும்" என்றார். மாப்பிள்ளை கடன் வாங்குகிறேன் என்றிருக்கிறார். மறுபடி அண்ணிதான், "புள்ள பொறக்கப் போற வூட்ல கடன் ஏத்தாதீங்க. கட்டு போட்டு அனுப்புங்க, ஊர்ல போயி பாத்துக்கறேன்" என்று அடித்துச் சொன்னார். "அம்மா, இங்கயே பண்ணிக்கம்மா" என்று சுமதி அழுவது எனக்குக் கேட்டது. அந்த ஆபரேஷன் அங்கே நடந்திருந்தால் ஐப்பசிக்குள் அண்ணியின் கால் தேறி, பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் இருந்திருப்பார் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

5. தேதி போய்விட்டது

அண்ணியைச் சக்கர நாற்காலியில் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நேராகத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குள் கால் வீங்கி, தோலில் கொப்புளம் கட்டியிருந்தது. வீக்கம் வடியாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். வடிந்தபின் வைத்தார். பிறகு புண் ஆறாமல் சீழ் பிடித்து, மறுபடியும் ஆபரேஷன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. புரட்டாசியில் டாக்டர், "ஃப்ளைட்டெல்லாம் இப்ப வேணாம்மா" என்றார். "இப்பன்னா எப்ப வரைக்கும் சார்?" என்று அண்ணி கேட்டார். டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

கிளையில் மேனேஜர் மேடத்திடம், ஒரு கிளெய்மாவது போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "டேட் அயிப்போயிந்தண்டி" என்றார், தேதி முடிந்துவிட்டதாம். பூஜாரி என்று அன்று அழைக்கவில்லை. அழைத்திருந்தால் தேவலை.

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஜோசியரைத் திட்டினார், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியவனைத் திட்டினார், கடைசியில், "நான்தானே வெட்டச் சொன்னேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். என் பெயர் மட்டும் அந்த வரிசையில் வரவே இல்லை.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். முதலில் ரிட்டர்ன் டிக்கெட்டை வாங்கிப் பாருங்கள். பாலிசி முடியும் தேதியை அதிலிருந்து போடுங்கள். அதற்கு மேலும் சில நாள் சேருங்கள். பெட்டி யார் வீட்டில் இருந்தாலும் சரி, நாட்டை விட்டுக் கிளம்பும்வரை நம் பாலிசிக்கு வேலை இல்லை. முன்னால் போட்ட நாட்கள் வீண். பின்னால் வெட்டிய நாட்கள் ஆபத்து. காசு கட்டுகிறவர் வேண்டாம் என்றால், பயணம் போகிற மற்றவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று எனக்குப் பிறகுதான் தோன்றியது. பாலிசியை ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் வாங்கி, கவர் தொடங்கும் தேதியைச் செவ்வாய் என்று போட்டிருக்கலாம். நல்ல நேரமும் கெட்டிருக்காது, ஸ்லாபும் மாறியிருக்காது. எல்லாப் பக்கங்களையும் படித்த எனக்கு, அந்த மேஜையில் இது தோன்றவில்லை.

6. நகரியில் ஒரு காலை

ஐப்பசிக் கடைசியில் சுமதிக்குப் பெண் குழந்தை. கார்த்திகையில் நான் நகரிக்குப் போனேன். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை ஸ்டூல் மேல் நீட்டி, எதிரில் ஒரு டப்பா மேல் சாய்த்து வைத்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள் சுமதி தரையில் உட்கார்ந்து, நீட்டிய கால்கள் மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"கவுத்துப் போடுடி. பயப்படாத. கழுத்த புடிச்சிக்கோ. தண்ணிய முதுவுல ஊத்து, தலைல இல்ல. ஐயோ, மெதுவா..."

அண்ணியின் இரண்டு கைகளும் காற்றில் ஊற்றின, தேய்த்தன, மூக்கைப் பிடித்துவிட்டன. குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்துக்கு ஸ்டூல் மேல் இருந்த கால் தானாக எழப்பார்த்து, வலியில் அடங்கியது. அண்ணன் போனைப் பார்க்காமல் தறிப் பக்கம் போய்விட்டார்.

பேசி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி என்னிடம் திரும்பினார். "தையில கொழந்தைய தூக்கிக்கினு வராளாம் தம்பி. அவங்களுக்கும் பாலிசி போடணுமா?"

"போடணும் அண்ணி. அத அங்கதான் எடுக்கணும். திரும்பிப் போற தேதிய மொதல்ல போடச் சொல்லுங்க."

அண்ணி என்னையே பார்த்தார்.

"போற தேதிய இப்ப இன்னாத்துக்குப்பா கேக்கற? மொதல்ல வரட்டும்."