வாயைத் திறந்த சிப்பிகள்

அம்மா போன மாதம் இறந்துபோனாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் அவள் கைப்பக்குவத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சிப்பி விருந்து ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

நாங்கள் சைவம். அப்பா இறந்த பிறகு கடையத்தை விட்டுக் குற்றாலத்துக்கு வந்து, சாரல் காலத்தில் மட்டும் திறக்கிற ஒரு பங்களாவில் அம்மா சமையலுக்குச் சேர்ந்தாள். கறியும் மீனும் ஆக்குவாள். வாயில் வைக்க மாட்டாள். ஆவியை மோந்தே உப்புப் பார்த்துவிடுவாள். ஊரில் யார் கேட்டாலும், "எங்க அம்மா மோந்துதான் பாப்பா" என்று பெருமையாகச் சொல்வேன்.

ஒரு நாள் முதலாளியின் தூத்துக்குடிச் சிநேகிதர், சாயங்கால விருந்துக்கென்று ஒரு சாக்குக் கடல் சிப்பியை முன்னாலேயே ரயிலில் அனுப்பிவிட்டார். தென்காசியிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கியது. தணலில் சுட்டு வைக்கச் சொல்லி உத்தரவு. அம்மா அதுவரை சிப்பியைக் கண்ணால் கண்டதில்லை. பலாப்பழம், மாம்பழம் எல்லாம் வாடாமல் இருக்கப் போட்டுவைக்கும் அருவித் தண்ணீர் வாய்க்காலிலேயே சாக்கை இறக்கினாள். மதியத்துக்கு மேல் எடுத்தால் பாதிச் சிப்பி வாயைப் பிளந்து கிடந்தது.

"பாத்தியாட்டி, உளுந்து நெத்து மாதிரி. வெளஞ்சதுதான் தானா வெடிக்கும்."

திறந்ததையெல்லாம் நல்லதென்று பொறுக்கினாள். மூடிக் கிடந்ததைப் பிஞ்சென்று ஒதுக்கினாள்.

சுட்டு, மிளகும் உப்பும் தூவிக் கொண்டுபோய் வைத்ததும் தூத்துக்குடிக்காரர் ஒன்றை மோந்து பார்த்துக் கீழே போட்டார்.

"ஏம்மா, செத்ததாப் பாத்துப் பொறுக்கியிருக்க! உசிரோட இருக்கது வாய மூடிட்டுல்லா இருக்கும்."

முதலாளியின் முகம் கறுத்தது. "விருந்துக்கு வந்தவனக் கொல்லப் பாக்கியா? விடிஞ்சதும் பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பு."

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சிப்பியை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்று முழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு ஐயா. கெடுதி ஒண்ணுமில்ல."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். "ஏ, இங்கன பாருங்கப்பா! சைவத்து ஆச்சி செத்த சிப்பியத் திங்குதா!"

வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இதையும் தின்னு ஆச்சி" என்று ஒருத்தர் இன்னொன்றை நீட்டினார். அம்மா அதையும் வாங்கித் தின்றாள். சிரித்துச் சிரித்து முதலாளியின் கோபம் கரைந்துபோனது. "சரி, மூடிக் கெடக்கதச் சுட்டுக் கொண்டா, போ" என்றார். கிளம்பச் சொன்ன பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

கதவோரம் நின்று பார்த்த எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. நீட்டியதையும் வாங்கித் தின்றாளே! அப்படியானால் யாரும் பார்க்காதபோது இத்தனை நாளும் அடுப்படியில் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

விருந்து முடிந்ததும் அம்மா அடுப்படிக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். சாம்பலை அள்ளி நாக்கைத் தேய்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. மிளகு கூடிப்போயிருக்கும், நல்லா எரியட்டும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போகாமல் நின்றேன்.