வயிறு எடுத்துக்கொள்ளாதது

கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போட்டபோது குளியலறைத் தரை காலடியிலிருந்து விலகியது. குழாயைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. நாட்குறிப்பில், "காலை 6.10. தடுமாற்றம். கண் திறந்ததும் சரி" என்று எழுதினேன். கணவரிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதமாகவே கை, கால் விரல் நுனிகள் மரத்திருந்தன. கணபதி பகுதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் தரம் பார்ப்பது என் வேலை. மைக்ரோமீட்டரைத் திருகும்போது அது ஷாஃப்டைத் தொடும் இடம் விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன். விரல் போனால் வேலையும் போகும்.

ரத்தம் குறைவு என்று ஏற்கெனவே மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். கணவர் ஞாயிறுதோறும் ஆட்டின் மண்ணீரலை, எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம், மிளகு போட்டு அவரே வறுத்துத் தந்தார். முகத்தில் வெளுப்புக் குறைந்தது. ரத்த அளவு கூடியது. மரமரப்போ கணுக்கால் வரை வந்துவிட்டது.

பட்டறைப் படியில் கால் மடங்கிய பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். அப்படியே அவர்மேல் சாய்ந்தேன்.

பரிசோதனை முடிவில் பி12 மிகக் குறைவு.

"கறி திங்காதவங்களுக்குத்தானுங்க அது கொறையும்? வாராவாரம் சுவரொட்டி வறுத்துப் போடறனுங்க!" கணவருக்குக் கோபம்.

"நீங்க போடறீங்க. வயிறு எடுத்துக்கோணுமில்லீங்க? அதுக்கு வயித்துல ஒரு புரதம் சுரக்கோணும். இவங்க உடம்பே அதைய அழிச்சுப்போடுது" என்று இன்னொரு தாளைக் காட்டினார் டாக்டர். "பெர்னிஷியஸ் அனீமியா."

"மாத்திரையில ரத்தம் ஏறுச்சுங்களே?" என்றேன்.

"அதுல இருந்த ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைச் சரிபண்ணுச்சு. நரம்பு கெடறதை மறைச்சுப்போடுச்சு. இனி ஆயுசுக்கும் ஊசிதானுங்க."

"மரத்தது திரும்ப வருமுங்களா?"

"சொல்ல முடியாதுங்க. லேட்டா வந்திருக்கறீங்க."

ஆட்டோவில் வரும்போது கணவர், "அத்தனை சுவரொட்டியும் நானே தின்னிருக்கலாம் புள்ள" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும்தான்.

ஊசி தொடங்கிய மூன்றாம் மாதம் கைவிரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. வேலை தப்பியது. இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் பாக்கி. தினமும் காலையில் அவர் ஈர்க்குச்சியால் அங்கே தொட்டு, "தெரியுதா புள்ள?" என்பார்.

நேற்றும், "இல்லீங்க" என்றேன்.