மரவாடியில் கிடைத்த பாவாடைத் துணி

நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கோர்வையாக எழுத வராது, மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் அப்பா தச்சாசாரி. யார் வீடு கட்டினாலும் அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் புதுக்கோட்டை மரவாடிக்குப் போவார்கள். அப்பா மரத்தைத் தட்டிப் பார்த்து, நல்லதென்றால் காவிக்கட்டியால் ஒரு கோடு போடுவார். கோடு விழுந்த மரத்தைத்தான் வாங்குவார்கள். அதனால் ஆசாரிமார் கையில் கடைக்காரர் ஏதாவது வைப்பது வழக்கம். மரம் வாங்க வந்தவருக்கு அது தெரியாது. அப்பா மட்டும் வாங்க மாட்டார். இதை அம்மா சொல்லும்போது பாதி பெருமை, பாதி வருத்தம்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். துணிக்கு அப்படி ஒரு பஞ்சம். எனக்கு இருந்தது ஒரே பாவாடை, அதிலும் மூன்று ஒட்டு.

குளத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வாசல் நிலைக்கு மரம் எடுக்க வந்த அன்று நானும் போனேன். அப்பா பின்பக்கம் மரம் தட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பூப்போட்ட சீட்டித் துணி ஒன்றை என் கையில் வைத்தார்.

“பாவாடை தச்சுக்க ஆத்தா.”

மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அப்பா வந்து முன்பக்கத்து மரங்களையும் தட்டிப் பார்த்தார். அங்கிருந்த பெரிய தேக்கில் மட்டும் கோடு விழவில்லை.

“உள்ள பொந்து இருக்குங்க” என்றார்.

“புள்ளைக்குத் துணி குடுத்திருக்கேன். ஒரு கோடு இழுத்தா கை வலிக்குமா ஆசாரி?” என்று கடைக்காரர் மெதுவாகச் சிரித்தார்.

அப்பா என் கையைப் பார்த்தார். முகம் கறுத்தது. அங்கிட்டு நின்ற விவசாயியைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

“இங்கிட்டு வாங்கய்யா. எம் மகளுக்குத் துணி குடுத்திருக்காக. பொந்து மரத்த ஒங்க தலையில கட்டத்தான். நல்ல மரம் எடுத்தாலும் இந்தத் துணி வெலை அதுல ஏறும்.”

எனக்கு அழுகை முட்டியது. துணி போய்விடும் என்பது மட்டும் புரிந்தது.

விவசாயி என் ஒட்டுப் பாவாடையைப் பார்த்தார். “ஏறட்டும். என் காசுன்னா குடுக்கிறது நாந்தானே? வச்சுக்க தாயி.”

அப்பா துணியை என்னிடமிருந்து பிடுங்கி விவசாயியிடம் கொடுத்தார். அவர் அதைத் திரும்ப என் கையில் வைத்தார். ஒரு பாவாடைத் துணிக்கு இரண்டு பெரியவர்கள் ஏன் இந்தக் கூத்து ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

பாவாடை தைத்த பிறகு மரவாடியைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு விரித்துக் காட்டுவேன். அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நல்ல மனிதர், என்னைப் போலவே கூச்ச சுபாவம் என்று வெகுநாள் எண்ணியிருந்தேன்.

பூ சிவப்பா நீலமா என்று சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பாவாடையைப் பிறகு உடுத்திக் கிழித்தவள் என் தங்கை. யாராவது அவளைக் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.