சிஸ்டத்தில் இல்லாத வீடு

இணையத்துக்கான பைபர் வயர் எங்கள் ஒழுங்கைக்கு வந்த அன்று காலையில் எங்கள் வீட்டு மதிலில் துளை போட்டார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. சத்தம் கேட்டு நான் வெளியே வரும்போது ஏணியில் நின்றவர் கொளுக்கியை முறுக்கி முடித்திருந்தார். வயர் எங்கள் மதிலைப் பிடித்துக்கொண்டு, முற்றத்து மாமரத்துக்கு மேலால் போய், பின்பக்கம் இருக்கும் ராத்தாவின், என் மூத்த சகோதரியின், வீட்டில் இறங்கியது.

"எங்களுக்கும் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஓர்டர் போட்டா உடனே வரும் மிஸ்," என்றார் ஏணியில் நின்றவர். இறங்கி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போயே விட்டார்.

நான் கட்டட வரைபடம் கீறுகிறவள். தோஹாவில் ஒரு கட்டட நிறுவனத்துக்குச் சாய்ந்தமருதில் என் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அந்த வரைபடங்கள் பெரிய பெரிய கோப்புகள். கைப்பேசி சிக்னலில் அவற்றை அனுப்புவது, பெருமழைக்குள் வெற்றிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர் முழுக்கப் பிள்ளைகள் கைப்பேசியைத் தூக்கினால், பாதி போன கோப்பு அப்படியே நின்றுவிடும். தோஹாவில் இருக்கும் மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனாலும் அவருடைய "இன்ஷா அல்லாஹ் இன்றைக்கு வரும்தானே?" என்ற கேள்வி வரவரக் கூர்மையாகிக்கொண்டு வந்தது.

ஆகவே மறுநாளே பஸ் ஏறி, கல்முனையிலுள்ள அந்தப் பைபர் கம்பனியின் கிளைக்குப் போனேன். புதுக் கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, மெத்தை வைத்த நீளக் கதிரை, சுவரில் சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம். அந்தக் குடும்பத்தைத் தவிர அங்கே வேறு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. கவுண்டரில் இருந்த அதிகாரி என் முகவரியைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

"உங்கட வீடு சிஸ்டத்தில இல்லையே மிஸ்."

"என்ட வீட்டு மதில்லதான் உங்கட வயர் கட்டியிரிக்கி."

"அது இரிக்கலாம். சிஸ்டத்தில இல்ல."

இந்தக் கிழக்குக் கரையில் எங்கள் வீடுகள் எப்படி உண்டாகின்றன என்பது அந்தச் சிஸ்டத்தைச் செய்தவருக்குத் தெரியாது. உம்மாவுக்கு ஒரு வளவு. உம்மாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் கலியாணம் நடக்கும்போது வளவில் ஒரு துண்டு பிரிந்து, அதில் ஒரு வீடு எழும்பும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். பழைய இலக்கம் மூத்தவளோடு நிற்கும். அடுத்தவளுக்கு அதே இலக்கத்தோடு ஓர் எழுத்து, கடைசிக்கு இன்னோர் எழுத்து. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இப்படித்தான் நிற்கின்றன. தபால்காரருக்குத் தெரியும், கரண்ட் பில் கொண்டு வருகிறவருக்குத் தெரியும், மீன் கொண்டு வருகிறவருக்கும் தெரியும். இவர்கள் மட்டும் எங்கேயோ ஒரு மேசையில் இருந்துகொண்டு, ஒரு வளவுக்கு ஒரு வீடு என்று தீர்மானித்து, அதற்குச் சிஸ்டம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அதிகாரியிடம் இதை விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப ராத்தாட அட்ரஸ்ல போடுவம்," என்றார். தட்டினார். "அந்த அட்ரஸ்ல ஏற்கனவே லைன் இரிக்கி. ரெண்டாவது குடுக்க ஏலா." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். தன் வாய்க்குள்ளிருந்து என்ன வருகிறது என்பதை அவர் கேட்பதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

புறப்படும்போது, "ஹஸ்பண்ட ஒருக்கா வரச்சொல்லுங்க," என்றார்.

"வீடு என்ட பேர்ல. வேலையும் என்ட வேல. அவர் வந்து என்ன செய்ற?"

"இல்ல, கதைக்க லேசா இரிக்கும்."

என் கணவர் வயல் செய்கிறவர். அறுவடைக்கு மெஷின் பிடிக்கிற அலைச்சலுக்குள்ளும் எனக்காக ஒரு நாள் போனார். அவருக்குக் கதிரை கொடுத்தார்களாம், 'சேர்' என்று கூப்பிட்டார்களாம், பால் தேத்தண்ணியும் கொடுத்தார்களாம். வீடு சிஸ்டத்தில் இல்லை என்று அவரிடமும் சொல்லி அனுப்பினார்கள். என்னிடம் சொன்ன அதே பதில்தான், சீனி போட்டுக் கொடுத்திருந்தார்கள். "நல்ல மனுசன் அவர்," என்று சொல்லிக்கொண்டு வந்தார் என் கணவர். அன்றைக்கு அவருடைய தேத்தண்ணிக்கு நான் சீனி போடவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்குக் கோல் எடுத்தால் முதலில் ஒரு பாட்டு. பாட்டு முடிந்து வந்த பிள்ளை மிகவும் இனிமையாகக் கதைத்தது. என் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டதாகச் சொன்னது. மறுபடி எடுத்தபோது வந்த வேறொரு பிள்ளைக்கு அந்த முறைப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அதுவும் இனிமையாகப் பதிந்தது. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டுவிட்டது, பொறுமைக்கு நன்றி. நான் முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ராத்தாவின் வயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் மச்சான். ராத்தாவின் கணவர். இவருக்குத் தெரியாத ஆளே இல்லை. எந்தக் கந்தோரின் பெயரைச் சொன்னாலும் அதன் மேலதிகாரி இவரோடு படித்தவர் அல்லது இவரிடம் கடமைப்பட்டவர். "ஒரு கோல் போதும் மச்சி," என்றார் என்னிடம். என் முன்னாலேயே கைப்பேசியை எடுத்து, "மச்சான், நம்மட ஆள் ஒண்டு, செஞ்சி குடுங்க," என்று யாரிடமோ சொன்னார். அந்தக் கோல் யாருக்குப் போனதோ. செஞ்சி கொடுக்கவேண்டியது என்னவென்று அதில் அவர் சொல்லவே இல்லை.

வேலை நெருக்கிய நாட்களில் மடிகணினியைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ராத்தா ஒன்றும் சொல்ல மாட்டா. ஆனால் நான் கோப்பை அனுப்பத் தொடங்கியதும் மச்சான் பின்னால் வந்து நிற்பார்.

"எப்படி மச்சி, நம்மட லைன்ட ஸ்பீட்?"

பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுவார். ஒவ்வொரு முறையும் நான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடி யோசித்துத் தர வேண்டும். தோஹாக் கம்பனிக்குத் தன்னுடைய பைபரில்தான் வேலை நடக்கிறது என்று கடைத்தெருவில் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளோடு அங்கே போவதை விட்டேன்.

பிறகுதான் அந்தக் கிளையிலுள்ள நீளக் கதிரை என் ஞாபகத்துக்கு வந்தது. அதன் பக்கத்தில், 'வாடிக்கையாளருக்கு இலவச வைபை, எங்கள் வேகத்தை உணருங்கள்' என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். சரி, உணர்ந்து பார்ப்போம் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை, கதவு திறந்த கையோடு உள்ளே போனேன். மடிகணினி, சார்ஜர், தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பொதி எல்லாம் கொண்டு போயிருந்தேன். கதிரையின் ஓரத்தில் இருந்து வேலையைத் தொடங்கினேன். கோப்பு பறந்தது, அதை மறுக்க முடியாது. மத்தியானம் தாண்டியதும் அதிகாரி எழும்பி வந்தார்.

"மிஸ், உங்களுக்கு என்ன வேணும்?"

"லைன் வேணும்."

"அதான் சொன்னேனே..."

"ஓம், சொன்னீங்க. கிடைக்கிற வரைக்கும் இங்க இருந்து வேல செய்றன். உங்கட பலகைல வாடிக்கையாளருக்கு என்டுதானே போட்டிரிக்கி? நான் வாடிக்கையாளராகத்தான் வந்து வந்து போறன்."

அவர் பலகையைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் வாசித்திருப்பார்.

அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும். வரும் சனம் என்னை அங்கே வேலை செய்கிற ஆள் என்று நினைத்துவிட்டது. பாலமுனையிலிருந்து வந்த ஒரு மனுசி நேரே என்னிடம் வந்து, "மகள், புது லைன் எடுக்க எங்க கதைக்க?" என்று கேட்டா.

"உங்கட வீடு ஆர்ர வளவில?"

"உம்மாட வளவிலதான். நான் ரெண்டாவது."

"அப்ப உங்கட வீடும் இங்க இல்ல," என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், நான் ஒரு நாளும் கதைக்காத சத்தத்தில் கதைத்தா. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பொய் ஒன்றும் தேவைப்படவில்லை. பஸ் பிடித்து வந்தவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போவதை அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். குளிரூட்டிக்குக் கீழே இருந்தும் அவருக்கு வேர்த்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவரே என்னிடம் வந்து, தன் கைப்பேசியில் எங்கள் ஊரின் வரைபடத்தைக் காட்டினார்.

"இதில உங்கட வீட்ட ஒருக்கா தொட்டுக் காட்டுங்க மிஸ்."

தொட்டேன். அந்தப் புள்ளியை யாருக்கோ அனுப்பினார். நான் கொண்டு போன சோற்றைத் தின்று முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"உங்கட வீடு வந்திட்டு மிஸ்!" என்றார், தானே கல் அடுக்கிக் கட்டித் தந்தவர் போல.

"இத முதல் நாளே செஞ்சிருக்க ஏலாதா?"

"அப்ப உங்களுக்கு இவ்வளவு அவசரம் என்டு தெரியாதே."

மடிகணினியை மூடிப் பையில் வைத்தேன்.

வேலைக்காரர்கள் மறுநாள் வந்தார்கள். ஒரு வயரை இழுத்து, ஒரு பெட்டியைச் சுவரில் பூட்டி, ஒரு பச்சை வெளிச்சத்தைக் காட்டினார்கள். நான் அடுப்பில் வைத்த தேத்தண்ணி கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கடினமான வேலையாக இருந்திருந்தால் கொஞ்சமாவது மன்னித்திருப்பேன்.

வந்தவர்களில் ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார். "ஒரு போட்டோ மிஸ். எங்கட பேஜ்ல போட. சந்தோசமா நில்லுங்க."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றேன். போட்டோவுக்கு நிற்கவில்லை.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு மச்சான் முற்றத்தால் வந்து, பெட்டியைக் குனிந்து பார்த்தார். "பாத்தீங்களா மச்சி, நான் கோல் எடுத்த வேல," என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் இருவரையும் பார்க்கவில்லை. தோஹாவுக்கு அனுப்ப ஒரு கோப்பு இருந்தது, அதை அனுப்பினேன்.