ஊர் பேர் சொல்லாத சாட்சி

மக்களின் சொந்த விவரங்களைக் காக்கும் தனியுரிமை அலுவலகத்துக்கு அரசு தொடர்ந்து பணம் ஒதுக்கலாமா என்று, கலிபோர்னியா தலைநகர் சாக்ரமென்டோவில் சட்டசபைக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் வருகிறவர்கள் மைக்கில் பெயர், ஊர் சொல்லி, ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளை அடித்த முன்னாள் கணவன், ஆட்களின் விலாசத்தை விற்கும் கம்பெனிகளிடம் அவளுடையதை வாங்கி, அவள் வீடு மாற மாற வாசலில் வந்து நிற்பான். இந்த அலுவலகம் அந்தக் கம்பெனிகளை அவள் விலாசத்தை அழிக்க வைத்த பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது.

“பேரு, ஊரு சொல்லும்மா,” என்றார் தலைவர்.

“ஆதரவு சார். ஊர் பேரெல்லாம் சொல்ல மாட்டேன்.”

“அப்புறம் என்னன்னு எழுதுறது?”

“கண்டுபிடிக்க முடியலைன்னு எழுதுங்க. எல்லாம் அந்த ஆபீஸ் புண்ணியம்!”